மாரியப்பன் தாண்டிய உயரம்

2016 செப்டம்பர் 10, சனிக்கிழமை. காலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். பங்கின் உபதேசியார் கைப்பேசியும் கையுமாக உள்ளே வந்தார். "சாமி, நம்ம ஓமலூர்ப் பையன் தங்கம் வாங்கிட்டான்" என்றார். எந்த ஓமலூர், எந்தப் பையன் என்று எனக்கு விளங்கவில்லை. பிரேசில் நாட்டு ரியோ நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டி நடந்துகொண்டிருந்தது என்பதுகூட அன்றுவரை என் நினைவில் பதிந்திருக்கவில்லை. சில வாரங்களுக்கு முன் அதே நகரில் நடந்து முடிந்த ஒலிம்பிக்கைப் பற்றி மட்டும் இரவு உணவு மேசையில் நிறையப் பேசியிருந்தோம். இந்த அறியாமையை ஒப்புக்கொண்ட பிறகே வரலாற்றைச் சொல்லத் தொடங்குவது முறை என்று கருதுகிறேன்.

மேட்டூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஓமலூர் வட்டத்தில் உள்ளது பெரியவடகம்பட்டி. மாரியப்பன் தங்கவேலு அச்சிற்றூரில் 1995 ஜூன் 28 அன்று பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றதால் பிள்ளைகளை வளர்க்கும் பாரம் முழுவதும் தாய் சரோஜாவின் தலையில் இறங்கியது. தலையில் என்பது வெறும் சொல்லணியன்று. அவர் செங்கல் சுமந்து கூலி வாங்கியவர், பின்னர் காய்கறி விற்றவர். மாரியப்பனுக்கு ஐந்து வயது. பள்ளிக்கு நடந்து சென்ற வழியில் பேருந்து ஒன்று மோதி, வலது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. அதன்பின் அந்தக் கால் வளரவில்லை. மருத்துவத்திற்காகத் தாய் மூன்று இலட்ச ரூபாய் கடன் பெற்றார். மகன் உலக அரங்கில் ஏறி நின்ற 2016-இலும் அந்தக் கடன் அடைந்து தீரவில்லை. நாள் கூலியில் வாழும் ஒரு குடும்பத்திற்கு மூன்று இலட்சம் என்றால் என்ன என்பதைப் பங்குப் பணியில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வட்டி கட்டுவதே ஒரு வாழ்க்கைத் தொழிலாகிவிடும்.

ஏறத்தாழ அதே காலத்தில், குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நான், கொள்ளிடக் கரைக்கு அப்பால் ஒரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். பள்ளி விளையாட்டு விழாவின் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. திருவரங்கத்திலிருந்து பேருந்தேறி வந்து படித்த சிறுவன் ஒருவன் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பி, இரும்புப் பட்டை பூட்டி நடப்பான். உயரம் தாண்டுதல் நடக்கும் மணல் குழிக்கு அருகே அவனை ஒரு நாற்காலியில் அமர்த்தி, தாண்டிய உயரங்களைக் குறிப்பேட்டில் எழுதும் வேலையைக் கொடுத்தேன். கருணை செய்துவிட்டதாகவே எனக்கு எண்ணம். போட்டி முடிந்து மாணவர்கள் கலைந்தபோது அவன், "சாமி, நானும் ஒரு தடவை தாண்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான். "விழுந்தால் உங்கள் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது?" என்றேன். அவன் குறிப்பேட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டான். அந்த நிகழ்ச்சியைப் பதினாறு ஆண்டுகள் நான் மறந்தே போயிருந்தேன். உபதேசியாரின் கைப்பேசியில் மாரியப்பன் குறுக்குக் கம்பிக்கு மேலே மல்லாந்து மிதந்த படத்தைப் பார்த்தபோதுதான் அது மீண்டது.

பெரியவடகம்பட்டிப் பள்ளியில் நடந்தது வேறு. அங்கே இருந்த உடற்கல்வி ஆசிரியர் இராஜேந்திரன், வாலிபால் ஆடிக்கொண்டிருந்த மாரியப்பனை உயரம் தாண்டச் சொன்னார். தம் பதினான்காம் வயதில் கால் குறையில்லாத மாணவர்களோடு போட்டியிட்டு மாரியப்பன் இரண்டாம் இடம் பெற்றார். இந்த வரலாற்றில் எல்லாரும் 1.89 மீட்டரைப் பேசுகிறார்கள். எனக்கோ அந்தப் பள்ளித் திடலில் ஓர் ஆசிரியர் சொன்ன 'தாண்டு' என்ற சொல்லே பெரிதாகத் தோன்றுகிறது. அவரும் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவராகத்தானே இருந்தார்?

பிற நாடுகளில் இந்த விளையாட்டின் வரலாறு எங்கே தொடங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். நாத்சி ஆட்சியிலிருந்து தப்பி 1939-இல் இங்கிலாந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன். முதுகுத் தண்டு முறிந்த போர்வீரர்களுக்காக ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் 1944-இல் தனிப்பிரிவு ஒன்றை அவர் நடத்தத் தொடங்கினார். அக்காலத்தில் முதுகுத் தண்டு முறிந்தவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரக நோயாலும் விரைவில் இறந்துபோவார்கள் என்பதே மருத்துவ உலகின் எதிர்பார்ப்பு. குட்மன் அவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைத்தார், பந்து எறிய வைத்தார், வில்லை வளைக்க வைத்தார். 1948 ஜூலை 29, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அந்த மருத்துவமனையின் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். பாராலிம்பிக்கின் விதை அதுவே.

1960-இல் உரோமையில் ஒலிம்பிக் முடிந்த சில நாள்களில் 23 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 பேர் அங்கே கூடினர். இன்று முதலாவது பாராலிம்பிக் என்று கணக்கிடப்படுவது அதுதான். அவர்களைத் திருத்தந்தை 23-ஆம் யோவான் வத்திக்கானில் வரவேற்றார். நவீன ஒலிம்பிக்கைத் தோற்றுவித்த கூபெர்த்தனுக்கு இணையாகக் குட்மனை வைத்து அவர் பாராட்டினார். நம் குருமடத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டிய திருத்தந்தையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்ற அந்தச் சந்திப்பைப் பற்றி ஒரு வரியும் படித்ததாக நினைவில்லை.

ஆனால் குட்மனின் விளையாட்டு உலகம் நெடுங்காலம் சக்கர நாற்காலியைச் சுற்றியே இருந்தது. கை கால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் 1976-இல் கனடாவின் டொராண்டோ போட்டியில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டனர். அங்கே வந்தார் பதினெட்டு வயதுக் கனடியர் ஆர்னி போல்ட். மூன்று வயதில் தானியம் ஏற்றும் எந்திரத்தில் சிக்கி ஒரு காலை இழந்தவர். செயற்கைக் கால் பூட்டாமல் ஒற்றைக் காலால் தத்தி ஓடி வந்து 1.86 மீட்டர் தாண்டினார். நான்கு ஆண்டு கழித்து நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் 1.96 மீட்டர். உயரம் தாண்டுதலில் ஒரு காலால்தான் உந்தி எழ வேண்டும் என்பது கால் குறையில்லாதவர்களுக்கும் உள்ள விதி. ஓடி வந்து வேகம் சேர்க்க இரு கால் வேண்டும். எழும்புவதற்கு ஒன்றே போதும், ஒன்றுதான் அனுமதி. ஊனம் என்று நாம் எண்ணியதை அந்த விதி அரைப்பங்கு அழித்துவிடுகிறது. இதைப் படித்தறிந்த அன்று திருவரங்கத்துச் சிறுவனின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இன்னும் கசந்தது.

இந்தியா 1968-இல் டெல் அவீவ் போட்டியில் முதன்முதலாகக் கலந்துகொண்டது. 1972-இல் ஹைடல்பெர்க்கில் முரளிகாந்த் பெட்கர் நீச்சலில் தங்கம் வென்றார். அவர் 1965-ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்ட படைவீரர். 1984-இல் ஜோகிந்தர் சிங் பேடி எறிதல் போட்டிகளில் மூன்று பதக்கங்களும், பீம்ராவ் கேசர்கர் ஈட்டி எறிதலில் வெள்ளியும் பெற்றனர். பிறகு இருபது ஆண்டு வெறுமை. 2004-இல் ஏதென்சில் இராஜஸ்தானின் தேவேந்திர ஜஜாரியா ஈட்டி எறிந்து தங்கம் கொணர்ந்தார். 2012-இல் இலண்டனில் கர்நாடகத்தின் கிரிஷா, உயரம் தாண்டுதலில் 1.74 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். தென்னாட்டில் கால் குறையுள்ள சிறுவர்கள் இந்த விளையாட்டைத் திரும்பிப் பார்த்தது அதன் பின்னரே எனலாம்.

ஆள வேண்டிய அமைப்புகளின் நிலையையும் மறைக்கலாகாது. 2015-இல் காசியாபாத்தில் நடந்த தேசியப் போட்டிக்கு வந்த மாற்றுத்திறனாளி வீரர்கள் உரிய வசதிகளின்றி அலைக்கழிந்தனர். அது பெரும் அவதூறாக வெளிவந்து, அவ்வாண்டிலேயே அனைத்துலகக் குழு இந்தியப் பாராலிம்பிக் குழுவை இடைநீக்கம் செய்தது. அத்தடை நீங்கியது 2016-இல். மாரியப்பன் என்ற இளைஞர் ரியோவுக்குத் தகுதி தேடிய மாதங்கள் இவையே.

அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? 2012 முதல் 2015 வரை விடியற்காலையில் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டார். பகலில் கட்டட வேலைக்குப் போனார். சேலத்தில் ஒரு கல்லூரியில் வணிக நிருவாகவியல் படித்தார். 2013-இல் தேசியப் போட்டியில் அவரைக் கண்ட பயிற்சியாளர் சத்தியநாராயணா, 2015-இல் பெங்களூருக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார். 2016 மார்ச்சில் துனிசியாவில் 1.78 மீட்டர் தாண்டித் தகுதி பெற்றார். ஆறு மாதம் கழித்து ரியோவில் 1.89. இரண்டாம் இடம் பெற்ற அமெரிக்கர் சாம் குரூவும், மூன்றாம் இடம் பெற்ற நம் நாட்டு வருண் சிங் பாட்டியும் 1.86-இல் நின்றனர். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் இந்தியர் ஒருவர் தங்கம் பெற்றது அதுவே முதல்முறை.

வெற்றிச் செய்தி வந்த அன்றே தமிழக அரசின் சார்பில் இரண்டு கோடி ரூபாய் பரிசு அறிவித்தார் முதலமைச்சர் ஜெயலலிதா. திருவரங்கத்தார்க்கு அவர் அயலாரல்லர். 2011 முதல் 2014 வரை அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். பரிசை அறிவித்த பன்னிரண்டாம் நாள், செப்டம்பர் 22 அன்று, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 5-இல் மறைந்தார். அந்த இலையுதிர் மாதங்களில் தமிழ்நாடு மருத்துவமனை வாயிலையே பார்த்துக்கொண்டிருந்ததால், மாரியப்பனைப் பற்றிய பேச்சு விரைவில் அடங்கிப்போயிற்று. அதே டிசம்பரில்தான் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைகளை மட்டுமே ஏற்றிருந்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்று, அரசு வேலையில் இருந்த மூன்று விழுக்காட்டு ஒதுக்கீட்டை நான்காக்கியது. மாரியப்பன் பிறந்த ஆண்டில் ஒரு சட்டம், அவர் வென்ற ஆண்டில் மற்றொன்று. இரண்டுக்கும் இடையே 'ஊனமுற்றோர்' என்ற சொல்லைத் தமிழக அரசு கைவிட்டு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைக் கைக்கொண்டது. என் தலைமுறைக் குருக்களின் நாவில் பழைய சொல்லே முதலில் வருகிறது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

2017-இல் பத்மஸ்ரீ, அதே ஆண்டில் அர்ஜுனா விருது, 2020-இல் கேல் ரத்னா. விருதுகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. அவருடைய வாழ்வில் என்னை நிறுத்தி வைப்பது, தங்கத்திற்குப் பின் வந்த எண்களின் வரிசை. 2018-இல் ஜகார்த்தாவின் ஆசியப் போட்டியில் இந்தியக் கொடியேந்திச் சென்றவர் தாண்டியது 1.67 மீட்டர், வெண்கலம். ரியோவை விட 22 சென்டிமீட்டர் குறைவு. 2019-இல் துபாயில் உலகப் போட்டியில் 1.80, மீண்டும் வெண்கலம். கொடியேந்தியவன் கீழிறங்கி வருவதை ஊர் பார்க்கிறது. பரிசு கொடுத்த கைகளே, 'அவ்வளவுதான் இவன்' என்று முணுமுணுக்கத் தொடங்குகின்றன. விளையாட்டு வீரன் மட்டுமல்ல, எந்தப் பணியில் இருப்பவனும் அந்த முணுமுணுப்பை அறிவான்.

கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ போட்டி 2021-இல் நடந்தது. தொடக்க விழாவில் கொடியேந்த மாரியப்பனே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். வந்த விமானத்தில் உடன் பயணம் செய்த ஒருவருக்கு நோய்த்தொற்று உறுதியானதால் அவர் தனிமைப்படுத்தப்பட்டார். தேக் சந்த் கொடியேந்தினார். ஆகஸ்டு 31 அன்று இறுதிப் போட்டி. தூறலாகத் தொடங்கிய மழை 1.80 மீட்டருக்குப் பின் வலுத்தது. குறையுள்ள வலது காலில் அவர் அணிந்திருந்த காலுறை நனைந்து, எழும்புவது கடினமாகிவிட்டது என்று பின்னர் அவரே கூறினார். ஆயினும் 1.86 தாண்டி வெள்ளி பெற்றார். சாம் குரூ 1.88-உடன் தங்கம், பீகாரின் சரத் குமார் 1.83-உடன் வெண்கலம். டொராண்டோவில் 45 ஆண்டுகளுக்கு முன் போல்ட் தாண்டியதும் இதே 1.86 தான்.

அந்த வெள்ளிக்குப் பின் அதே ஆண்டில் தமிழக அரசு அவருக்குத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் துணை மேலாளர் பணி வழங்கியது. கரூர் புகழூரில் உள்ள ஆலையை நாம் அறிவோம். அந்நிறுவனத்தின் இரண்டாம் ஆலை நம் மாவட்டத்திலேயே, மணப்பாறைக்கு அருகே மொண்டிப்பட்டியில் இருக்கிறது. விடியலில் செய்தித்தாள் கட்டுகளைச் சுமந்து திரிந்தவருக்குச் செய்தித்தாளுக்குக் காகிதம் செய்யும் நிறுவனத்தில் வேலை.

2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் 1.80 தாண்டி வெள்ளி. 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம். ரியோவுக்கும் அதற்கும் ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைவு, இடையில் கழிந்தவை எட்டு ஆண்டுகள். அவ்வாண்டு செப்டம்பரில் பாரிசில் 1.85 மீட்டருடன் வெண்கலம். அங்கே சரத் குமார் 1.88 தாண்டி அவரை முந்தினார். அமெரிக்க இளைஞர் எஸ்ரா ஃபிரெக் 1.94 தாண்டித் தங்கம் பெற்றார். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்குகளில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் மாரியப்பனே. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று படி இறங்கியவர் என்று சிலர் சொல்லக்கூடும். 1.89, 1.86, 1.85 என்ற எண்களைப் பார்த்தால் எட்டு ஆண்டுகளில் அவர் இறங்கியது நான்கு சென்டிமீட்டர் மட்டுமே. மற்றவர்கள்தாம் ஏறினார்கள்.

இந்த வீரர்களின் கால்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருண் பாட்டிக்கும் சரத் குமாருக்கும் குறை நேர்ந்தது குழந்தைப் பருவத்து இளம்பிள்ளை வாதத்தால். அந்த நோயின் கடைசி இயல்பான தொற்று இந்தியாவில் 2011 சனவரியில் பதிவாயிற்று. 2014 மார்ச்சில் நம் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் முற்றத்தில் மேசை போட்டுச் சொட்டு மருந்து கொடுத்த செவிலியர்களை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும். ஆகவே வருங்காலத்தில் இத்திடலுக்கு வரப்போகிறவர்களில் மாரியப்பனைப் போல் சாலையில் கால் இழந்தவர்கள் மிகுந்திருப்பர். நோய்க்குச் சொட்டு மருந்து இருந்தது. பள்ளிக்கு நடந்து போகும் ஐந்து வயதுக் குழந்தைக்குச் சாலையில் என்ன மருந்து இருக்கிறது? சேலம் நெடுஞ்சாலையிலும் நம் சென்னைப் புறவழிச் சாலையிலும் புத்தகப்பையோடு ஓடிக் கடக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இக்கேள்வி எழுகிறது.

நம் மாவட்டம் ஓட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லாதது. இலால்குடி வட்டத்து ஆரோக்கிய ராஜீவ், திருவெறும்பூர்ப் பக்கத்து சுபா, தனலட்சுமி ஆகிய மூவரும் ஒரே டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான இந்தியத் தொடரோட்ட அணிகளில் இடம்பெற்றார்கள். காஜாமலை அண்ணா விளையாட்டரங்கம் அவர்களுக்கு மட்டும் உரியதாக நின்றுவிடாமல், கால் குறையுள்ள பிள்ளைகளையும் ஓடுபாதைக்கு அழைத்துவர வேண்டியவர்கள் நாம். அம்மா மண்டபத்துப் படித்துறையிலும் நம் ஆலயங்களின் வெள்ளிக்கிழமை வாயில்களிலும் அவர்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, ஓடுபாதையில் பார்க்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

சென்ற ஆண்டு நான் இப்போது பணியாற்றும் பங்குப் பள்ளியில் விளையாட்டு விழா. உயரம் தாண்டுதலுக்குப் பெயர் கொடுத்தவர்களில் இடது கால் குட்டையான எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்த உடற்கல்வி ஆசிரியர் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்து, ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். பெயர் இருக்கட்டும் என்றேன். மணல் குழியை ஒருமுறைக்கு இருமுறை கொத்தி இளக்கச் சொல்லிவிட்டு, அவன் தந்தைக்கு நானே தொலைபேசியில் செய்தி சொன்னேன். தொடக்க உயரம் 90 சென்டிமீட்டர். அவன் மூன்று முறை ஓடி வந்தான். மூன்று முறையும் கம்பி விழுந்தது. குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேரே மூன்று பெருக்கல் குறிகள் விழுந்தன. மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தவன் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான். ஓர் உயரத்திற்கு மூன்று முயற்சிதான் என்ற விதியை ஆசிரியர் அவனுக்கு விளக்க நேரமாயிற்று.